டீச்சர் பதில்கள்: அண்ணன், அக்கா பக்கத்தில் உட்காரும்போது

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றியவை. சில பள்ளிகளில் பெரிய வகுப்புப் பிள்ளைகளைச் சின்ன வகுப்புப் பிள்ளைகளோடு ஜோடி சேர்த்து வாசிக்க வைக்கிறார்கள். இடைநிலைப்பள்ளிகளில் மூத்த மாணவர்கள் புதிதாக வருகிறவர்களுக்குத் துணையாக இருக்கிறார்கள். பெற்றோர், ஓர் ஆசிரியை, ஒரு தாத்தா, ஒரு மாணவன் என்று பலரும் இதைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். பினாங்குத் தமிழ்ப்பள்ளிகளில் 31 ஆண்டுகள் வேலை செய்தவள் நான். அதில் கடைசி 12 ஆண்டுகள் குறைநீக்கல் ஆசிரியை. நான் செய்து பார்த்தவற்றில் மிகுந்த பலன் தந்தது இதுதான் என்பதால், மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்துவிட்டேன்.

கேள்வி: என் மகள் ஐந்தாம் ஆண்டு. நடுத்தரமாகப் படிப்பவள். வாரத்தில் மூன்று நாள், காலை மணி அடிக்கும் முன் 20 நிமிடம், ஒன்றாம் ஆண்டுப் பையன் ஒருவனுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுக்கும்படி ஆசிரியை கேட்டிருக்கிறார். இவளோ வீட்டிலும் அவனுக்காக எழுத்து அட்டை வெட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கணக்கில் இவளே பலவீனம். நேரம் வீணாகிறதே என்று என் கணவர் கோபப்படுகிறார். வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?
(ஒரு தாய், பட்டர்வொர்த்)

பதில்: சொல்லிவிடாதீர்கள் அம்மா. உங்கள் கணவரின் கோபம் புரிகிறது. விடியற்காலையில் எழுப்பி, அவசர அவசரமாகச் சாப்பிட வைத்துப் பள்ளிக்கு அனுப்புவது நம் பிள்ளை படிப்பதற்கா, இன்னொரு வீட்டுப் பிள்ளைக்குப் பாடம் நடத்துவதற்கா என்று தோன்றத்தான் செய்யும். ஆனால் அந்த 20 நிமிடத்தில் யார் அதிகம் கற்றுக்கொள்கிறார்கள் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். மூன்றாம் ஆண்டில் என் குறைநீக்கல் வகுப்புக்கு வந்தவன். 'கொக்கு' என்று எழுதியிருந்தால் 'கெ' என்று தொடங்கி, பின்னால் நிற்கும் துணைக்காலைப் பார்த்ததும் திகைத்து நின்றுவிடுவான். ஐந்தாம் ஆண்டுக்குப் போன பிறகும் வாசிப்பு தள்ளாட்டம்தான். வகுப்பில் உரக்க வாசிக்கச் சொன்னால் வயிறு வலிக்கிறது என்பான். ஐந்தாம் ஆண்டுப் பையனிடம் ஒன்றாம் ஆண்டுப் புத்தகத்தை நீட்டி, வாசி என்றால் அவன் மானம் என்ன ஆவது? அதனால் வேறு மாதிரி கேட்டேன். "ஒன்றாம் ஆண்டில் ஒரு தம்பிக்கு எழுத்தே பிடிபடவில்லை. நீ கொஞ்சம் கூட உட்கார்ந்து பார்க்கிறாயா?" என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனவன் பள்ளி முடிந்ததும் ஓடி வந்தான். "டீச்சர், அந்தப் புத்தகத்தை இன்றைக்கே வீட்டுக்கு எடுத்துப் போகட்டுமா? நாளைக்கு அவன் முன்னால் தப்பாக வாசித்துவிடக் கூடாது."

அன்று இரவு அவன் மூன்று முறை வாசித்த புத்தகம் அவனுக்கே தேவைப்பட்ட புத்தகம். அதைக் கையில் எடுக்கக் கௌரவமான ஒரு காரணம் கிடைத்துவிட்டது. ஆண்டு முடிவதற்குள் கொம்பும் துணைக்காலும் அவனை மிரட்டுவது நின்றது. சின்னவனுக்கு அவனாகக் கண்டுபிடித்துச் சொன்ன வழி ஒன்று உண்டு: "எழுத்துக்கு முன்னால் ஒரு ஆள், பின்னால் ஒரு ஆள் காவல் நின்றால் வாயைக் குவி." அதை நான் பிறகு எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். பயிற்சிக் கல்லூரியில் எனக்கு யாரும் இப்படிச் சொல்லித்தரவில்லை.

நன்னூல் இதற்குக் கணக்கே போட்டு வைத்திருக்கிறது. ஆசிரியர் சொல்வதை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் மாணவனுக்குக் கிடைப்பது கால் பங்குதான். உடன் படிப்பவர்களோடு பழகிப் பயில்வதில் இன்னொரு கால் பங்கு. மீதி அரைப் பங்கு, கற்றதைப் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வந்து சேரும் என்கிறார் பவணந்தி முனிவர். அவர் எழுதி ஏறக்குறைய 800 ஆண்டுகள் ஆகின்றன. 1982இல் அமெரிக்காவில் கோஹன், கூலிக் முதலிய ஆய்வாளர்கள், மாணவர்களே மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதைப் பற்றி நடந்த 65 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். கற்றுக்கொண்ட பிள்ளையோடு சொல்லிக்கொடுத்த பிள்ளையும் அந்தப் பாடத்தில் முன்னேறியிருந்தது. வாசிப்பைவிடக் கணக்கில் அந்த முன்னேற்றம் அதிகம். உங்கள் மகள் கணக்கில் பலவீனம் என்கிறீர்களே, அடுத்த தவணையில் இரண்டாம் ஆண்டுப் பிள்ளை ஒன்றுக்கு வாய்ப்பாட்டையும், கழித்தலில் கடன் வாங்குவதையும் அவள் சொல்லிக்கொடுக்கட்டுமே. ஆசிரியையிடம் கேட்டுப் பாருங்கள்.

ஒன்றில் மட்டும் உறுதியாக இருங்கள். மணி அடிக்கும் முன் என்றால் சரி. அவளுடைய கணக்குப் பாட நேரத்தில் கூப்பிட்டால் சம்மதிக்காதீர்கள். அட்டை வெட்டுவதை ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரத்தோடு முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். முடிந்தால் அப்பாவும் கூட உட்கார்ந்து இரண்டு அட்டை வெட்டட்டும். அந்தப் பையன் எந்த எழுத்தில் தடுமாறுகிறான் என்று அவளிடம் கேட்கட்டும். அவள் பதில் சொல்லும் விதத்தைப் பார்த்தாலே அவர் கோபம் தணிந்துவிடும்.

கேள்வி: ஆசிரியையாக எனக்கு இது மூன்றாம் ஆண்டு. ஆறாம் ஆண்டில் நன்றாகப் படிக்கும் பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்தேன். பெரும்பாலோர் மாணவர் தலைவர்கள். ஒன்றாம் ஆண்டில் பின்தங்கிய பத்துப் பேரோடு ஜோடி சேர்த்தேன். இரண்டே வாரத்தில் எல்லாம் குலைந்துவிட்டது. ஒரு மாணவி சின்னவளின் பயிற்சித் தாளைத் தானே எழுதிக் கொடுத்துவிடுகிறாள். ஒரு ஜோடி தினமும் சண்டை. இரண்டு சின்னப் பிள்ளைகள் அந்த நேரம் வந்தால் கழிப்பறையில் போய் ஒளிந்துகொள்கிறார்கள். தலைமையாசிரியர் அறிக்கை கேட்கிறார். எங்கே தவறு செய்தேன்?
(ஆசிரியை, பாயான் லெப்பாஸ்)

பதில்: டீச்சர், நீங்கள் செய்ததைத்தான் நானும் முதல் ஆண்டில் செய்தேன். முதல் நிலை மாணவர்களையும் சட்டையில் பேட்ஜ் குத்திய மாணவர் தலைவர்களையும் பொறுக்கி எடுத்தேன். அதில் ஒரு மாணவி எல்லாவற்றிலும் கெட்டிக்காரி. அவளிடம் விட்ட ஒன்றாம் ஆண்டுப் பிள்ளை ஒரு நாள், "அக்கா, கழிப்பறைக்குப் போகணும்" என்றிருக்கிறது. "இந்தப் பக்கத்தை முடித்துவிட்டுப் போ" என்று இவள் சொல்லியிருக்கிறாள். குழந்தையால் அடக்க முடியவில்லை, பாவாடை நனைந்துவிட்டது. அன்று மாலை அந்தக் குழந்தையின் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். பெரியவள் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. "முடித்துவிட்டுப் போ" என்பது வகுப்பில் நாங்கள் ஆசிரியர்கள் தினமும் சொல்லுகிற வார்த்தை. எங்களைப் பார்த்துத்தான் அவள் கற்றிருந்தாள். அவளுக்கு வேறு விதமாகச் சொல்லித்தராமல் ஒரு குழந்தையை ஒப்படைத்தது என் தவறு.

அதன் பிறகு ஆள் தேடும் இடத்தை மாற்றினேன். புள்ளிப் பட்டியலை மூடி வைத்துவிட்டு, ஓய்வு நேரத்தில் கன்டீன் ஓரமாக நின்று பார்க்கத் தொடங்கினேன். யார் சின்னப் பிள்ளையின் தட்டு சாயாமல் பிடித்துக்கொள்கிறான்? யார் கேட்காமலே குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டிவிடுகிறாள்? அவர்கள்தான் வேண்டும். அதிலும், ஒரு காலத்தில் தானே தடுமாறி மேலே வந்த பிள்ளை கிடைத்தால் விடாதீர்கள். நான்கு வயதிலேயே வாசிக்கத் தொடங்கிய பிள்ளைக்கு, ஒருவருக்கு ஏன் 'ண'வும் 'ன'வும் குழம்புகிறது என்பது விளங்காது. "இது கூடத் தெரியாதா?" என்று கேட்டுவிடும். கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை, உண்மையாகவே அதற்கு ஆச்சரியம். தடுமாறி வந்த பிள்ளை அப்படிக் கேட்காது.

ஆறாம் ஆண்டை விட்டுவிட்டு நான்காம், ஐந்தாம் ஆண்டில் தேடுங்கள். பழகிய பிள்ளைகள் அடுத்த ஆண்டும் பள்ளியில் இருப்பார்கள். விருப்பம் உள்ளவர்களை மட்டும் எடுத்து, பெற்றோர் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் பயிற்சி. எழுத்தும் பாடமும் அவர்களுக்குத் தெரியும். எப்படி உட்காருவது, எப்போது வாயை மூடிக்கொள்வது என்பதைத்தான் சொல்லித்தர வேண்டும். நான் மூன்று பிற்பகல்கள் இதற்கே ஒதுக்குவேன். எதிரே உட்காரக் கூடாது, பக்கத்தில் உட்கார வேண்டும். எதிரே உட்கார்ந்தால் அது விசாரணை போல ஆகிவிடும். சின்னவன் ஒரு சொல்லில் நின்றால், மனத்துக்குள் ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்ண வேண்டும். அதற்குள் வரவில்லை என்றால் சொல்லைச் சொல்லிவிட வேண்டும். சின்னவன் திருப்பிச் சொல்வான், கதை மேலே போகும். "யோசி, யோசி" என்று வதைக்கக் கூடாது. அந்த ஐந்து எண்ணுவது பெரிய பிள்ளைகளுக்கு எவ்வளவு கடினம் தெரியுமா! பதில் தொண்டையில் வந்து நிற்கும். முதலில் இன்னோர் ஆசிரியரோடு சேர்ந்து நீங்களே நடித்துக் காட்டுங்கள்.

ஸ்காட்லாந்தில் டண்டீ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கீத் டாப்பிங் என்பவர் இணை வாசிப்பு முறையைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து பரப்பியவர். இரண்டு பேரும் சேர்ந்து உரக்க வாசிப்பார்கள். சின்னவனுக்குத் துணிவு வந்ததும் மேசையை ஒரு தட்டுத் தட்டுவான். பெரியவன் நிறுத்திக்கொள்வான், சின்னவன் தனியாகப் போவான். தடுக்கினால் பெரியவன் மறுபடி சேர்ந்துகொள்வான். இதைத் தமிழுக்குக் கொண்டுவந்தபோது ஒரு சின்ன மாற்றம் செய்தேன். நம் பிள்ளைகள் பெரும்பாலும் தடுக்குவது முழுச் சொல்லில் கிடையாது, சொல்லுக்குள் இருக்கும் ஓர் எழுத்தில். 'காற்று' என்பதில் 'ற்று', 'வெள்ளம்' என்பதில் கொம்பு. ஆகவே சொல்லைச் சொல்லும்போது அந்த எழுத்தின் கீழே விரலை வைக்கச் சொன்னேன்.

பயிற்சித் தாளைப் பெரியவளே எழுதிவிடுகிறாள் என்கிறீர்கள். இதற்கு ஒரே சட்டம் போதும்: பென்சில் சின்னப் பிள்ளையின் கையில் மட்டும்தான் இருக்கும். பெரிய பிள்ளைகள் பென்சில் பெட்டியை வகுப்பிலேயே வைத்துவிட்டு வரட்டும்.

தினமும் சண்டை போடும் ஜோடியை இன்றே பிரித்துவிடுங்கள், யார் மேலும் குற்றம் சொல்லாமல். சிலருக்குச் சிலரோடு ஒத்துப்போகாது. நமக்கும் அப்படித்தானே. ஒளிந்துகொள்ளும் இரண்டு பேரிடம் நீங்களே தனித்தனியாகப் பேசுங்கள். பயமா, வெட்கமா, அல்லது அந்த நேரத்தில் நண்பர்கள் விளையாடுகிறார்களா? என் அனுபவத்தில் பாதிப் பேருக்குக் காரணம் பந்துதான். நேரத்தை மாற்றினால் வந்துவிடுவார்கள். பயம் என்றால் ஜோடியை மாற்ற வேண்டும்.

எல்லாரும் பார்க்கும்படியான இடத்தில் நடத்துங்கள். நூலகம், கன்டீன் நீளப் பலகை, நடைபாதை ஓரம் பாய் விரித்து, எங்கே என்றாலும் சரி. கதவைச் சாத்திய அறை வேண்டவே வேண்டாம். உங்கள் கண் எட்டும் தூரத்தில் எல்லாரும் இருக்க வேண்டும். பள்ளிக்கு வெளியே புலனத்தில் (வாட்ஸ்அப்) தனியாகச் செய்தி அனுப்பிக்கொள்ளவும் கூடாது. பெரியவன் வராத நாளில் சின்னவன் வாசலையே பார்த்துக்கொண்டு நிற்பான். அதைப் பார்க்க மனம் தாங்காது. கூடுதலாக இரண்டு பேரைப் பழக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமைகளில் பெரிய பிள்ளைகளை மட்டும் கூப்பிட்டு 15 நிமிடம் உட்காருங்கள். ஆளுக்கு ஒரு குவளை மைலோ. "இந்த வாரம் எது கஷ்டமாக இருந்தது?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அங்கேதான் எல்லாம் வெளியே வரும். பல பள்ளிகள் ஜோடி சேர்த்துவிட்டு, இந்த 15 நிமிடத்தை மட்டும் விட்டுவிடுகின்றன. பிறகு ஒரு தவணைக்குள் திட்டம் ஓய்ந்துபோகிறது.

அறிக்கையா? இரண்டு வாரத்தில் புள்ளிகளை எண்ணாதீர்கள். எத்தனை புத்தகம் முடிந்தது, யார் கூப்பிடாமலே வந்து உட்கார்கிறார்கள் என்று எழுதுங்கள். பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும் முறையைத் திருத்துகிறேன், பத்து வாரம் அவகாசம் வேண்டும் என்றும் எழுதுங்கள். நேர்மையாக எழுதிய அறிக்கையைத் தலைமையாசிரியர் மதிப்பார்.

கேள்வி: எனக்கு 78 வயது. பேராக்கில் ஒரு தோட்டப் பள்ளியில் படித்தேன். ஆறு வகுப்புக்கும் ஒரே வாத்தியார். அவர் இல்லாத நேரத்தில் சட்டாம்பிள்ளை என்று ஒரு பெரிய பையன் கையில் ரோத்தான் பிரம்பு இருக்கும். வாத்தியாரை விட அவன் அடிதான் அதிகம். என் கெண்டைக்காலில் இன்னும் ஒரு தழும்பு இருக்கிறது. இப்போது என் பேத்தியின் பள்ளியில் அதே வேலையைப் புதுப் பெயரில் செய்கிறார்கள். பிள்ளைக்குப் பிள்ளை அதிகாரி ஆவது நல்லதா?
(ஒரு தாத்தா, ஆயர் ஈத்தாம்)

பதில்: வணக்கம் ஐயா. அந்தத் தழும்பைப் பற்றி எழுதியதற்கு நன்றி. பிள்ளைக்குப் பிள்ளை அதிகாரி ஆவது நல்லதே இல்லை. அதில் உங்களோடு எனக்குக் கொஞ்சமும் வேறுபாடு கிடையாது.

ஆனால் சட்டாம்பிள்ளைக்கு ஒரு நீண்ட கதை உண்டு. தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மூத்த மாணவன் இளையவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பது பழைய வழக்கம். 1789இல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளிக்கு ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் பொறுப்பேற்றார். உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகுவதை அவர் பார்த்தார். அதைத் தம் பள்ளியிலும் செய்யச் சொன்னபோது ஆசிரியர்கள் சரிப்பட்டு வரவில்லை. உடனே ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு, கடைசி வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். பையன் சாதித்துவிட்டான். பெல் 1797இல் லண்டனில் இதைப் புத்தகமாகப் போட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது பல நாடுகளுக்குப் போனது. நம் திண்ணையில் இருந்து புறப்பட்ட வழக்கம் ஐயா!

கெட்டுப்போனது அதற்கு அப்புறம்தான். லண்டனில் ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் இதே போன்ற முறையை நடத்தினார். ஒரே ஆசிரியரை வைத்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் சமாளிக்கலாம், செலவு மிச்சம் என்பதே பெரிய கவர்ச்சியாகிவிட்டது. தவறு செய்த பிள்ளையின் கழுத்தில் மரக்கட்டையைத் தொங்கவிடுவது போன்ற அவமானத் தண்டனைகளும் அங்கே இருந்தன. பிள்ளையை மலிவான ஆசிரியராகப் பார்த்தால் கடைசியில் கையில் கம்புதான் வரும்.

உங்கள் தோட்டத்திலும் அதுவேதான் நடந்திருக்கிறது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. பள்ளி வந்தது, போதுமான ஆசிரியர்கள் வரவில்லை. ஆறு வகுப்பைத் தனி ஆளாகச் சுமந்த வாத்தியார் ரோத்தானைப் பையன் கையில் கொடுத்தார். அந்தச் சட்டாம்பிள்ளைக்கும் அப்போது பன்னிரண்டு, பதிமூன்று வயதுதான் இருக்கும். அவன் கையில் ஒரு புத்தகத்தைக் கொடுத்து உங்கள் பக்கத்தில் உட்கார வைத்திருந்தால் உங்களுக்கு வேறு நினைவு இருந்திருக்கும்.

பேத்தியின் பள்ளிக்கு நீங்களே ஒரு நாள் போய்ப் பாருங்கள். மூன்று விஷயத்தைக் கவனியுங்கள். ஒரு பெரிய பிள்ளைக்கு ஒரே ஒரு சின்னப் பிள்ளைதானா? பெயர் எழுதிக் கொடுக்கும் வேலை, தண்டிக்கும் வேலை ஏதாவது பெரிய பிள்ளையிடம் இருக்கிறதா? ஆசிரியர் பக்கத்தில் இருக்கிறாரா? ஒரு பிள்ளையிடம் ஐந்து பேரை விட்டுவிட்டு ஆசிரியர் அலுவலகத்தில் இருந்தால், உங்கள் கடிதத்தை அப்படியே பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் வாசியுங்கள்.

இன்னும் ஒன்று. 1816 அக்டோபர் 21இல் ஜார்ஜ்டவுனில் தொடங்கிய பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பும் நடந்தது. அதைக் கணக்கில் வைத்துத்தான் 2016இல் இந்நாட்டுத் தமிழ்க்கல்வியின் 200 ஆண்டுகளைக் கொண்டாடினோம். அந்தக் கொண்டாட்டங்களின்போது எனக்குப் பெல் பார்த்த மணல் நினைவுக்கு வந்தது. பத்து பெரிங்கி கடற்கரையில் இருந்து ஒரு மைலோ டின் நிறைய மணல் எடுத்து வந்து, அலசி வெயிலில் காய வைத்து, தட்டில் பரப்பினேன். ஓர் ஐந்தாம் ஆண்டுப் பெண்ணும் ஓர் ஒன்றாம் ஆண்டுப் பையனும் அதில் 'அ' எழுதினார்கள். தாளில் எழுத மறுத்துக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டவன் மணலில் எழுதினான். தப்பானால் கையால் தடவி அழித்துவிடலாம், அழிப்பான் கறை இல்லை, சிவப்பு மையும் இல்லை.

கேள்வி: ஒன்றாம் ஆண்டில் இருக்கும் என் மகனுக்கு வாசிக்க உதவ ஓர் 'அக்கா'வைப் போட்டிருக்கிறார்கள். "உன் பிள்ளை மண்டா?" என்று உறவினர் கேலி செய்கிறார்கள். நிறுத்திவிடலாமா?
(ஒரு தாய், ஜெலுத்தோங்)

பதில்: கேலி செய்பவர்களோடு பேச்சை நிறுத்துங்கள், வாசிப்பை நிறுத்தாதீர்கள். மகனிடம் அந்த அக்காவின் பெயரைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். முகம் மலர்ந்தால் போதும்.

கேள்வி: என் மகன் தமிழ்ப்பள்ளியில் இருந்து இடைநிலைப்பள்ளிக்குப் போய், இப்போது புகுமுக வகுப்பில் (முதலாம் படிவத்துக்கு முன் ஓர் ஆண்டு மலாய் மொழிக்காகப் படிப்பது) இருக்கிறான். எல்லாம் மலாய் மொழியில். வகுப்பில் வாயே திறப்பதில்லையாம். வீட்டிலும் பேச்சு குறைந்துவிட்டது. டியூஷன் வைத்தும் பயனில்லை.
(ஒரு தந்தை, பிறை)

பதில்: ஐயா, அவனுக்கு இப்போது டியூஷனை விட ஓர் அண்ணன் தேவை. அதே தமிழ்ப்பள்ளியில் படித்து, அதே புகுமுக வகுப்பைக் கடந்து, இப்போது மூன்றாம் அல்லது நான்காம் படிவத்தில் இருக்கும் ஒருவன். அப்படி ஒருவன் அந்தப் பள்ளியில் நிச்சயம் இருப்பான். பழைய தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களைக் கேட்டால் யார் என்று சொல்லிவிடுவார்கள். இடைநிலைப்பள்ளிகளில் 'பெம்பிம்பிங் ராக்கான் செபாயா' என்ற மாணவர் குழு இருக்கும். சுருக்கமாக பி.ஆர்.எஸ். என்பார்கள். சக மாணவர்களுக்குத் துணையாக இருக்கப் பயிற்சி பெற்றவர்கள், கவுன்சலிங் ஆசிரியரின் பொறுப்பில் இருப்பவர்கள். அந்த ஆசிரியரை நேரில் போய்ப் பாருங்கள். "என் மகனோடு ஓய்வு நேரத்தில் உட்கார்ந்து சாப்பிட ஒருவன் கிடைப்பானா?" என்று மட்டும் கேளுங்கள். பாடத்தைப் பற்றிப் பேச்சே எடுக்க வேண்டாம். "எனக்கும் முதல் மூன்று மாதம் ஒன்றும் புரியவில்லை" என்று ஒரு நான்காம் படிவ அண்ணன் சொன்னால், அது உங்கள் மகன் காதில் விழுவது போல நானோ நீங்களோ சொன்னால் விழாது. வீட்டில் பேச்சு குறைந்ததையும் ஆசிரியரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: நான் மூன்றாம் படிவ மாணவன். பள்ளியில் பி.ஆர்.எஸ். உறுப்பினர். முதலாம் படிவத்தில் ஒரு பையனுக்கு நான் துணை. போன வாரம் அவன் சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டினான். வீட்டில் இருக்கும் ஒருவர் பெல்ட்டால் அடிக்கிறாராம். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டான். எனக்குத் தூக்கம் வரவில்லை. சத்தியத்தை மீறலாமா டீச்சர்?
(மாணவன், பினாங்கு)

பதில்: தம்பி, உன் கடிதம் கிடைத்த அன்றே, நீ எழுதியிருந்த முகவரிக்குப் பதில் அனுப்பிவிட்டேன். இதே நிலையில் வேறு பிள்ளைகளும் இருக்கலாம் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

மீறலாம். மீற வேண்டும். ஒருவன் உடம்பில் காயம் படும்போது, அதை மறைப்பதாகச் செய்த சத்தியம் உன்னைக் கட்டாது. அவன் உன்னிடம் சட்டையைத் தூக்கிக் காட்டியதே, யாராவது இதை நிறுத்த மாட்டார்களா என்ற ஏக்கத்தில்தான்.

முதலில் அவனிடம் சொல்: "இதை நான் தனியாகச் சுமக்க முடியாது. நமக்கு ஒரு பெரியவர் வேண்டும். வா, சேர்ந்து போகலாம்." வந்தால் நல்லது. வராவிட்டாலும் நீ போ. காலையில் சபைகூடலுக்கு முன்பே கவுன்சலிங் ஆசிரியரைப் பார். அவன் சொன்ன வார்த்தைகளையும் நீ கண்ணால் பார்த்ததையும் மட்டும் சொல். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அவனிடம் துருவித் துருவிக் கேட்காதே. முதுகைப் படம் எடுக்காதே. அவன் வீட்டுப் பக்கம் போகாதே. மற்ற பி.ஆர்.எஸ். நண்பர்களிடமும் பேசாதே.

ஆசிரியர் கேட்டுவிட்டு ஒன்றும் செய்யவில்லை என்று தோன்றினால் தலைமையாசிரியரிடம் போ. இல்லையென்றால் 15999 என்ற எண்ணைக் கூப்பிடு. அது தாலியான் காசே, அரசாங்கத்தின் உதவி எண். 24 மணி நேரமும் எடுப்பார்கள், நீயே பேசலாம். 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தின்படி இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பாதுகாக்கும் அதிகாரம் சமூக நல இலாகா அதிகாரிகளுக்கு உண்டு. இப்போதே அவனுக்கு ஆபத்து என்று தெரிந்தால் 999.

ஆசிரியரிடம் சொன்ன பிறகு உன் வேலை முடிந்தது. விசாரிப்பதும் முடிவெடுப்பதும் பெரியவர்களுடைய வேலை. இத்தனை நாள் தூங்காமல் இருந்திருக்கிறாய். இன்று இரவு அம்மாவிடம், அந்தப் பையனின் பெயரைச் சொல்லாமல், மனசு பாரமாக இருக்கிறது என்று மட்டுமாவது சொல்.

அவன் உன் மேல் கோபப்படுவான். சில நாள் பேசாமலும் இருக்கலாம். அப்போதும் ஓய்வு நேரத்தில், நீங்கள் இரண்டு பேரும் வழக்கமாக உட்காரும் பலகையிலேயே போய் உட்கார். அவன் வந்தால் இடம் இருக்கட்டும்.